மருத்துவம் துணைபோன கொடுமைகளை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எப்படி: மலையகத்தில் புதிதாகப் பாடமெடுக்க வருபவர்களுக்கு

தாதியர் பாடசாலையிலோ மருத்துவ பீடத்திலோ ஒழுக்கவியல் பாடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எடுக்க ஆளில்லாமல், புதிதாக வந்தவர் தலையில் வந்து விழும். பாடத்திட்டத்தில் ஒரு வரி இருக்கும்: நியூரம்பேர்க் நெறிமுறை, ஹெல்சிங்கி பிரகடனம். இரண்டும் மனிதர்கள் மீதான மருத்துவப் பரிசோதனைக்கான விதிகள். 1947, 1964, பத்து அம்சங்கள் என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அந்த நெறிமுறை யார் செய்ததற்காக எழுதப்பட்டது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஹிட்லர்" என்பார்கள். ஹிட்லர் ஒரு நோயாளிக்கும் ஊசி போட்டதில்லை. போட்டவர்கள் டொக்டர்மாரும் தாதிமாரும். பிறந்த பிள்ளையைப் பற்றி எழுதிக்கொடுத்தவர்கள் மருத்துவிச்சிகள்.

இந்தப் பாடத்தை முதன்முறை எடுக்கப்போகிறவருக்கு, கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் இருக்கும் நம் வகுப்புகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், சிங்களப் பிள்ளைகள் இருப்பார்கள், அக்குறணையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வரும் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். வெளிநாட்டில் தயாரித்த ஸ்லைடுகளை அப்படியே போட்டால் இங்கே எடுபடாது.

நிர்வாகத்திடம் கூடுதல் மணித்தியாலம் கேட்கவேண்டிவந்தால் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மருத்துவம், நாசிசம், யூத இனப்படுகொலை பற்றி லான்செட் மருத்துவ சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு 2023 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. சுகாதாரத் தொழில்களுக்குப் படிக்கும் எல்லோருக்கும் இந்த வரலாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. லான்செட் என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

யாருக்குப் படிப்பிக்கிறீர்கள்?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். எல்லோருக்கும், நாசிகளின் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் கைதிகள் மீது பரிசோதனை நடத்திய மருத்துவர் ஜோசப் மெங்கலேயின் கதையைச் சொல்லிவிட்டு வருவது சுலபம். ஆனால் அந்தக் கதை மாணவரை ஒன்றும் செய்யாது. அவன் ஒரு பேய், நாங்கள் மனிதர்கள், சரி, அடுத்த பாடம் என்று போய்விடுவார்கள். அவரவர் தொழிலில் இருந்தவர் என்ன செய்தார் என்பதுதான் உள்ளே போகும்.

மருத்துவிச்சிப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு 1939 ஓகஸ்ட் 18ஆம் திகதிய ஜேர்மன் சுற்றறிக்கையைச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட, உடல் அல்லது மூளைக் குறைபாடுள்ள பிள்ளைகளை மருத்துவர்களும் மருத்துவிச்சிகளும் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவிச்சிக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு ரைக்ஸ்மார்க் கொடுப்பனவு. அப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் 'விசேட சிகிச்சைப் பிரிவு' என்ற பெயரில் இயங்கிய வாட்டுகளில் கொல்லப்பட்டார்கள். நம் மிட்வைஃப்மாரும் வீடு வீடாகப் போய் பதிவேடு எழுதுகிறவர்கள்தானே. பதிவேட்டில் எழுதுவது எங்கே போய்ச் சேருகிறது என்று அவர்களிடம் கேட்டால் சும்மா இருக்கமாட்டார்கள்.

தாதியருக்கு மெசெரிட்ஸ்-ஒப்ராவால்டே மனநல நிலையம். கொல்லும் அளவு தூக்க மருந்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்து, அன்பாகப் பேசிக் குடிக்க வைத்தவர்கள் அங்கே வேலை செய்த தாதிகள். அவர்களில் 14 பேர் 1965இல் மியூனிக்கில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். மருந்தாளருக்கு அவுஷ்விட்ஸ் முகாமின் மருந்தகத்தை நடத்திய விக்டர் கபேசியஸ் இருக்கிறார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்குப் போலந்தின் வார்சோ நகரம். 1940இல் யூதர்களைச் சுவருக்குள் அடைத்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று தைபஸ் காய்ச்சல். 'தொற்று அபாயப் பகுதி' என்று அறிவித்தல் பலகை வைத்தார்கள். அடைத்துப் பட்டினி போட்ட பிறகுதான் தைபஸ் உண்மையில் பரவியது.

முதலாம் வருட மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் அறையே போதும். வியன்னாப் பல்கலைக்கழகத்தின் எடுவார்ட் பெர்ன்கொப் தயாரித்த உடற்கூற்றுப் படத்தொகுதியை உலகமெங்கும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பாவித்தார்கள். நாசி ஆட்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1,377 பேரின் உடல்கள் அந்த உடற்கூற்றியல் நிறுவனத்துக்குப் போயிருந்தன என்று பல்கலைக்கழகமே 1990களின் கடைசியில் விசாரித்துச் சொன்னது. நம் பீடங்களுக்குத் தானமாக வரும் உடலோடு ஒரு குடும்பமும் வாசல்வரை வருகிறது. அந்த வித்தியாசத்தை மாணவர்களே சொல்வார்கள், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

முதல் வகுப்பு: ஒரு படிவம்

புரொஜெக்டரை நம்பிப் போகாதீர்கள். பின்னேர வகுப்பென்றால் மழையோடு கரண்டும் போகும். ஏ4 தாளில் ஒரு படிவத்தை அடித்து ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள்.

1939 ஒக்டோபரில் ஹிட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, போர் தொடங்கிய செப்டெம்பர் 1ஆம் திகதியை அதில் போட்டார். குணப்படுத்த முடியாதவர்கள் என்று தீர்மானிக்கப்படுகிறவர்களுக்கு 'கருணை மரணம்' வழங்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட மருத்துவர்களுக்கு அளிக்கும் பொறுப்பு அதில் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் ஹிட்லரின் அலுவலகத் தலைவர் பிலிப் பூலர். மற்றவர் ஹிட்லரின் சொந்த மருத்துவர் கார்ல் பிரான்ட். பேர்லினில் டீர்கார்டன் வீதி 4ஆம் இலக்கத்தில் அலுவலகம் இருந்ததால் இந்தக் கொலைத் திட்டத்துக்கு டி4 என்று பெயர் வந்தது. அங்கிருந்து ஜேர்மனியின் மனநல விடுதிகளுக்கெல்லாம் போன படிவத்தைப் போல ஒன்றைத்தான் நீங்கள் தயாரிக்கப்போகிறீர்கள். பெயர், பிறந்த திகதி, இனம், நோய், எத்தனை வருடமாக உள்ளே இருக்கிறார், பார்க்க யாராவது தவறாமல் வருகிறார்களா, வந்தால் யார், என்ன வேலை செய்யக்கூடியவர். இடது பக்கம் கீழே கறுப்புக் கோடு போட்ட ஒரு வெற்றுப் பெட்டி.

ஒரு கற்பனை நோயாளியின் விவரத்தையும் கொடுங்கள். 46 வயதுப் பெண், வலிப்பு நோய், ஏழு வருடமாக விடுதியில், சமையலறையில் பாத்திரம் கழுவுவார், வருடத்துக்கு ஒருமுறை தம்பி வந்து பார்ப்பார். படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது எதற்கான படிவம் என்பதை மறைத்து நிரப்ப வைத்துவிட்டு, கடைசியில் "நீங்கள் இப்போது கொலைப் பட்டியல் எழுதினீர்கள்" என்று போட்டுடைக்கும் ஆசிரியர்களும் உண்டு. வகுப்பு அதிர்ந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் முழு விவரம் தெரிந்த சம்மதத்தைப் பற்றிப் பாடம் நடத்த வந்துவிட்டு, மாணவரை ஏமாற்றி ஒரு காரியம் செய்யவைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்து நிரப்பும்போதுகூடக் கை தயங்காமல் எழுதும். அதுதான் விஷயமே.

எல்லோரும் எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இந்தத் தாளில் சிகிச்சைக்கு உதவும் வரி எது? திரும்பிப் பார்ப்பார்கள். மருந்துக்கு இடமில்லை. போன மாதம் எத்தனை முறை வலிப்பு வந்தது என்று கேட்கவில்லை. இருப்பதெல்லாம் வேலையும் பார்க்க வருகிறவர்களும்தான். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியைச் சொல்லுங்கள். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக அதில் குறியிடுவார்கள். சிவப்புப் பென்சிலில் கூட்டல் போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் போட்டால் உயிர். நோயாளியை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தை மறக்காமல் சொல்லுங்கள். சில விடுதிப் பொறுப்பாளர்கள் இது போர்க்கால வேலைக்கு ஆள் பிடிக்கும் படிவம் என்று நினைத்தார்கள். நன்றாக வேலை செய்யும் நோயாளியைக் கொண்டுபோய்விடுவார்களே என்று, "வேலைக்கு லாயக்கில்லை" என்று குறைத்து எழுதினார்கள். பாதுகாக்க எழுதிய வரியே அந்த ஆளைக் கொன்றது.

பிறகு கரும்பலகையில் ஒரு நீளமான கோடு போட்டு, அதில் ஆட்களை வரிசையாக நிறுத்துங்கள். படிவத்தை டைப் செய்த எழுத்தர், நிரப்பிய டொக்டர், குறியிட்ட மூவர், சாம்பல் நிற பஸ்ஸை ஓட்டியவர், பஸ்ஸில் நோயாளியோடு கூடப் போன தாதி, வாயுக் குழாயைத் திறந்த மருத்துவர், பொய்யான மரணச் சான்றிதழ் எழுதியவர். குழாயைத் திறப்பது மருத்துவரின் வேலை என்றுதான் வைத்திருந்தார்கள், அதை வேறு ஆளிடம் விடுவதாக ஏற்பாடு இல்லை. எப்போதோ குடல்வால் வெட்டியெடுக்கப்பட்டவர், குடல்வால் அழற்சியால் இறந்ததாக வீட்டுக்குக் கடிதம் போனது. சனங்கள் சந்தேகப்படத் தொடங்கியது இப்படித்தான். கிராஃபெனெக், பிராண்டன்பேர்க், ஹார்ட்ஹைம், சோனென்ஸ்டைன், பேர்ன்பேர்க், ஹடமார் என்று ஆறு நிலையங்களில், 1941 ஓகஸ்டில் உத்தியோகபூர்வமாக நிறுத்தப்படும்வரை 70,273 பேர் கொல்லப்பட்டதாக அவர்களே கணக்கு எழுதிவைத்திருந்தார்கள். அதன் பிறகு பட்டினியாலும் ஊசியாலும் சாதாரண வாட்டுகளிலேயே தொடர்ந்தது.

கோட்டில் உங்களை எங்கே நிறுத்துவீர்கள் என்று மாணவர்களைக் கேட்காதீர்கள். "நான் மறுத்திருப்பேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்கவேண்டியது வேறு: இந்தக் கோட்டில் எந்த ஆளின் வேலை, நாளைக் காலை நீங்கள் வாட்டில் செய்யப்போகும் வேலைக்குக் கிட்ட இருக்கிறது? அதற்குப் பிறகு 'பார்க்க யாராவது வருகிறார்களா' என்ற வரிக்குத் திரும்புங்கள். பார்க்க ஆள் வராத நோயாளியின் கட்டில் பக்கம் யாரும் அவசரப்பட்டுப் போவதில்லை என்பது மூன்றாம் வருடத் தாதிமாருக்கு நன்றாகவே தெரியும். பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கு அனுப்பப்பட்ட ஒருவரைப் பார்க்க வீட்டார் வருவதென்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். இதை வகுப்பில் முதலில் சொல்லப்போவது பெரும்பாலும் பின் வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். சொல்ல நேரம் கொடுங்கள்.

இரண்டாம் வகுப்பு: வழக்கமாக வரும் பதில்கள்

"அவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள், மறுத்திருந்தால் சுட்டிருப்பார்கள்." இது நிச்சயம் வரும். கெட்டிங்கன் நகர மனநல மருத்துவப் பேராசிரியர் கொட்பிரீட் ஏவால்டை 1940 ஓகஸ்டில் படிவம் பார்க்கும் நிபுணராகச் சேரும்படி அழைத்தார்கள். அவர் மறுத்து, எதிர்ப்பை எழுத்திலும் கொடுத்தார். பதவி போகவில்லை, உயிரும் போகவில்லை. ஆனால் அவர் பொறுப்பில் இருந்த விடுதியிலிருந்தும் நோயாளிகள் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். தனக்கு மட்டும் 'முடியாது' என்று சொன்னது எவ்வளவு தூரம் உதவியது என்பது நல்ல விவாதம். கட்டாயம் என்ற கதைக்கு இன்னொரு பதிலும் உண்டு: ஜேர்மன் மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நாசிக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். யாரும் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

"அது போலி விஞ்ஞானம்." அந்தக் காலத்தில் உலகமே ஜேர்மன் மருத்துவத்தைப் படிக்கப் போனது. 1933 ஜூலையில் வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் கருத்தடை செய்யப்பட்டார்கள். தீர்ப்பளித்த மன்றத்தில் ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1907இலேயே இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. சுவீடனில் 1930களிலிருந்து 1975 வரை சுமார் 63,000 பேர் கருத்தடை செய்யப்பட்டார்கள், அவர்களில் பலர் தாமாக விரும்பியவர்கள் அல்லர். சுவீடனில் தேர்தல் நடந்தது, நல்ல ஆஸ்பத்திரிகளும் இருந்தன.

"அப்போது சட்டதிட்டம் எதுவும் இருக்கவில்லை." இருந்தது. மனிதர்கள் மீதான பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்று ஜேர்மன் அரசே 1931 பெப்ரவரியில் விதிமுறை வெளியிட்டிருந்தது. டகாவ் முகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திச் சாகும்வரை அளந்துகொண்டிருந்த காலத்திலும் அந்த விதிமுறை தாளில் இருந்தது. நியூரம்பேர்க் நெறிமுறையின் பத்து அம்சங்களை மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்பேன்.

"பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது?" இதுவும் நிச்சயம். நியூரம்பேர்க்கில் நடந்த மருத்துவர்கள் வழக்கு 1946 டிசெம்பரில் தொடங்கி 1947 ஓகஸ்டில் முடிந்தது. 23 பிரதிவாதிகளில் 20 பேர் மருத்துவர்கள். 16 பேர் குற்றவாளிகள், ஏழு பேருக்குத் தூக்கு. அதில் இருந்த ஒரே பெண் ஹெர்ட்டா ஓபர்ஹொய்சர், ராவென்ஸ்புரூக் பெண்கள் முகாமில் பரிசோதனைகளில் பங்கெடுத்த மருத்துவர். இருபது வருடத் தண்டனை பத்தாகக் குறைந்து, 1952இல் வெளியே வந்து, ஒரு கிராமத்தில் குடும்ப வைத்தியராகத் தொழில் நடத்தினார். முகாமிலிருந்து தப்பிய ஒரு பெண் அடையாளம் கண்ட பிறகே, 1958இல் அவருடைய அனுமதி பறிக்கப்பட்டது. கைதிகள் மீது பரிசோதனை செய்த ஜப்பானின் 731ஆம் படையணியை நடத்திய ஷிரோ இஷீ என்பவரோ வழக்கையே பார்க்கவில்லை. தகவல்களை வாங்கிக்கொண்டு அமெரிக்கா விட்டுவிட்டது.

அன்பான தாதி ஒருவர்

தாதியர் வகுப்பென்றால் ஒரு முழு மணித்தியாலத்தை யூனிஸ் ரிவர்ஸுக்கு ஒதுக்குங்கள். நாசிகளின் கதையை விட இது நம் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேக்கன் மாவட்டம், டஸ்கீகி. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, கறுப்பின ஆண்கள் 399 பேருக்கு இருந்த சிபிலிஸ் நோயை, சிகிச்சை கொடுக்காமல் கடைசிவரை எப்படிப் போகிறது என்று பார்க்கத் தொடங்கியது. ஒப்பிடுவதற்கு நோயில்லாத 201 பேர். 'கெட்ட இரத்தம்' இருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிவைத்தார்கள். 1947 அளவில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. கொடுக்கவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் 1966இலிருந்து உள்ளுக்குள் எதிர்த்துப் பார்த்து, முடியாமல் பத்திரிகையாளரிடம் போய், 1972 ஜூலையில் செய்தி வெளிவந்தது. அதோடு நின்றது.

அந்த நாற்பது வருடமும் அந்த ஆண்களுக்கும் டொக்டர்மாருக்கும் நடுவில் இருந்தவர் ரிவர்ஸ். அவரும் கறுப்பினப் பெண், அந்தப் பகுதியைத் தெரிந்தவர். தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போவார். வீட்டுச் சுகதுக்கம் விசாரிப்பார். அவரை அவர்கள் நேசித்தார்கள், அவரும் நேசித்தார் என்றுதான் எல்லாச் சான்றுகளும் சொல்கின்றன. இறந்தவரின் உடலைப் பிரேத பரிசோதனைக்குக் கொடுத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்று குடும்பத்தாரிடம் பேசியதும் அவர்தான்.

அடக்கச் செலவு என்றதும் நிறுத்துங்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மரணாதாரச் சங்கம் என்றால் என்னவென்று தெரியும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் காசு, பெட்டி வாங்க, பந்தல் போட, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க. ஏழைக் குடும்பத்துக்கு அடக்கச் செலவைத் தருகிறேன் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களே மற்றவர்களுக்கு விளக்குவார்கள். அதற்குப் பிறகு கேளுங்கள்: அந்தக் குடும்பம் கொடுத்தது சம்மதமா?

ரிவர்ஸைத் திட்டித் தீர்க்கவும் விடாதீர்கள், காப்பாற்றவும் விடாதீர்கள். வெள்ளை டொக்டர்மாரின் கீழ், அந்தக் காலத்து அலபாமாவில், ஒரு கறுப்பினத் தாதி என்ன சொல்லியிருக்க முடியும் என்பது நியாயமான கேள்வி. வெளியே சொன்ன பக்ஸ்டன் தாதியும் இல்லை, டொக்டரும் இல்லை என்பதையும் கூடவே வையுங்கள்.

நம் பக்கம் வரும்போது

மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் மலையகத்துக்கு வரலாம். அதற்கு முன் வேண்டாம். வந்ததும் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தோட்டம் ஹடமார் அல்ல, யாரும் அப்படிச் சமன்படுத்தவில்லை. நாம் எடுத்துவருவது ஒரே ஒரு கேள்வியை. டொக்டர் யாருடைய ஆள்? நோயாளியின் ஆளா, சம்பளம் கொடுப்பவரின் ஆளா?

மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த கோப்பிக்காலத்துச் சனங்கள் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். பிற்காலத்தில் வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து மருத்துவப் பரிசோதனை செய்த பிறகே கப்பலேற்றினார்கள். கோப்பிப் பகுதிகளில் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் தோட்ட ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் நெடுங்காலம் நிர்வாகத்தின் கையில்தான். காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் பெரட்டுக்கு வராதவர் உண்மையிலேயே சுகமில்லாதவரா என்று தீர்மானித்தவர் தோட்டத் துரையின் சம்பளத்தில் இருந்தவர்.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் வகுப்புக்கு மிகப் பொருத்தமான உதாரணம். ஏனென்றால் அது கெட்டதும் அல்ல, முழுக்க நல்லதும் அல்ல. இரத்தச்சோகையால் வாடிய மக்களுக்கு உண்மையிலேயே பலன் இருந்தது. தோட்டக்காரர்கள் அதை விரும்பியது உழைப்புத்திறன் கூடும் என்பதற்காக. மருந்து குடிக்க வரிசையில் நின்றவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இந்த மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு மாணவர்களை வாதாட விடுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

வசதி இருந்தால் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பராக்களுக்குள்ளேயே அது இருக்கிறது. காம்பராவின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்த சிங்களப் பிள்ளைகளோடு அடுத்த வகுப்பில் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

கருத்தடைதான் கத்திமேல் நடக்கும் இடம். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும்கூட ஆள் பிடிக்க இலக்கு கொடுத்திருந்தார்கள். இங்கே 1980இலிருந்து நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவருக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை மற்றப் பகுதிகளை விட உயர்ந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு தாயும் கட்டாயப்படுத்தப்பட்டார் என்று இதற்குப் பொருளில்லை. பணம், பிரசவ வாட்டின் அவசரம், வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு படிவம், மூன்றும் சேரும்போது 'சம்மதம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதைக் கேளுங்கள்.

அதே மூச்சில் 2019ஐயும் சொல்லவேண்டும். சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று குருணாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் மீது குற்றச்சாட்டு எழுந்து நாடே கொதித்தது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. வதந்திக்கும் வரலாற்றுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாமல் ஒரு மாணவர் இந்த வகுப்பிலிருந்து வெளியே போகக்கூடாது. எங்கே எழுதியிருக்கிறது, யார் எண்ணினார்கள், யார் சாட்சி என்று கேட்கப் பழக்குங்கள். கொவிட் காலத்தில் இறந்தவர்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ததும் இங்கே வரும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரிவரை அனுமதிக்கவில்லை, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. பரிசோதகர் மாணவர்களுக்கு இது வார்சோப் பலகைக்கு அடுத்த பாடம்.

யுத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஓடவும் வேண்டாம், அன்றே பேசி முடிக்கவும் வேண்டாம். எழுதித் தரச் சொல்லி வாங்கி வாசித்துவிட்டு அடுத்த வகுப்பில் எடுங்கள். வகுப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை, ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை இருந்தால், "உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று மட்டும் தவறிக்கூடக் கேட்காதீர்கள்.

மறுத்தவர்கள்

இதை நீட்ட வேண்டியதில்லை, ஆனால் விடக்கூடாது. மியூனிக்கில் நாசிகளுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் அடித்த வெள்ளை ரோஜாக் குழுவின் ஹான்ஸ் ஷோல், அலெக்சாண்டர் ஷ்மோரெல், கிறிஸ்டோப் ப்ரொப்ஸ்ட், வில்லி கிராப் நால்வரும் மருத்துவ மாணவர்கள். 1943இல் நால்வரையும் கொன்றார்கள். உங்கள் வகுப்பில் இருப்பவர்களின் வயதுதான். நெதர்லாந்தில் 1941இல் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் சேர்ந்து நாசி மருத்துவச் சங்கத்துக்கு எதிராக நின்றார்கள். தனியாக மறுத்த ஏவால்டுக்கும் கூட்டாக மறுத்த இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு விடலாம்.

படங்கள், பரீட்சை, நேரம்

நிர்வாணமாக நிறுத்தப்பட்ட கைதிகளின் படங்களைத் திரையில் போடாதீர்கள். அவர்கள் படமெடுக்கச் சம்மதிக்கவில்லை, எடுத்தவன் கொலைகாரன். படிவமும் கட்டடமும் கடிதமும் போதும். நீ கைதி, நீ டொக்டர் என்று நடிக்க வைப்பதும் வேண்டாம். முதலில் சிரிப்பு வரும், பிறகு யாராவது அழுவார்கள், இரண்டிலும் பாடம் இல்லை. கனமான வகுப்புக்குப் பின் நேராக வாட்டுக்கு அனுப்பாமல் பத்து நிமிடம் விடுங்கள், ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போகட்டும்.

பரீட்சைக்குத் திகதிகளைக் கேட்காதீர்கள். வாட்டில் பாவிக்கும் ஏதாவது ஒரு படிவத்தை எடுத்து, அதில் நோயாளிக்காக இருக்கும் வரி எது, ஆஸ்பத்திரிக்காக இருக்கும் வரி எது, நோயாளிக்குத் தெரியாமல் எழுதப்படுவது எது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரை நீக்கிவிடச் சொல்ல மறக்காதீர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதிலும் எழுதலாம் என்று அறிவித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் என்றால் டியூட்டில், அதாவது அச்சடித்துக் கொடுத்த பாடக்குறிப்பில், இருக்கும் வசனங்களே திரும்பி வரும்.

நான்கு வகுப்பும் கிடைக்காது, ஒரு மணித்தியாலம்தான் என்று நிர்வாகம் சொன்னால், அந்தப் படிவத்தை மட்டும் செய்யுங்கள். நிரப்பப் பத்து நிமிடம், கேள்விக்குப் பதினைந்து, பலகைக் கோட்டுக்கு இருபது. மிச்சத்தில் பார்க்க ஆள் வராத கட்டிலைப் பற்றிப் பேசவிடுங்கள். அந்த வாரமே அவர்களுக்கு வாட்டு வேலை இருக்கும்படி நேரசூசியில் போட்டுக்கொள்ள முடிந்தால் நல்லது. அதற்குப் பொறுப்புச் சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், வியாழக்கிழமைக்குப் பிறகு போனால் அவர் ரோஸ்டரை மாற்றமாட்டார்.